லண்டனில் பிரேசிலியர், சைப்ரஸ்காரர்: ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

லண்டனின் குடியேறிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பிரேசிலும் சைப்ரஸும் வசதியான ஜோடி. இரண்டுக்கும் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தின் இனக் கேள்வியில் தனிக்கட்டம் கிடையாது. சைப்ரஸ்காரர் பெரும்பாலும் ‘மற்ற வெள்ளையர்’ கட்டத்தில் கரைந்துவிடுவார்கள். பிரேசிலியர் அதிலும், ‘கலப்பு’, ‘மற்றவை’ கட்டங்களிலும் சிதறிப்போவார்கள். அதனால் எல்லோரும் பிறந்த நாடு வாரியான அட்டவணையை எடுத்துக்கொள்கிறார்கள். வேலை, படிப்பு, சொந்த வீடு என்று மூன்று பத்திகளை அருகருகே வைத்ததும் முடிவும் கிடைத்துவிடுகிறது: பிரேசிலியர் படித்தவர்கள், உழைப்பாளிகள், வாடகைக்கு இருப்பவர்கள், சைப்ரஸ்காரர் படிப்பு குறைந்தவர்கள், வேலைக்குப் போகாதவர்கள், ஆனால் வீடு வாங்கியவர்கள்.

எண்கள் சரியாகவே இருக்கலாம். அவற்றை ஒரு சமூகத்தின் குணமாகப் படிப்பதுதான் தவறு. யார் எந்த ஆண்டில், என்ன வயதில், எந்தச் சட்டத்தின் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதையே அந்த எண்கள் பெருமளவு சொல்கின்றன.

வயதைக் கழிக்காமல் சராசரி எடுப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். சைப்ரஸ்காரர் பெருமளவில் வந்தது 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும். இருபது வயதில் வந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். பிரேசிலியரின் பெரிய அலை 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தது. பிரிட்டனில் பிரேசிலில் பிறந்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் சுமார் 15,000 பேர். 2011இல் 50,000ஐத் தாண்டிவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவையும் முப்பது வயதுப் பேரனையும் நிற்க வைத்து யார் வேலைக்குப் போகிறார் என்று கேட்பதுபோல்தான் இந்த ஒப்பீடு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்; எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல.

‘அ’ குழுவில் 1,000 பேர்: 25–49 வயதில் 300, 50–64 வயதில் 300, 65க்கு மேல் 400. வேலையில் இருப்பவர்கள் முறையே 82, 66, 10 சதவீதம். கூட்டினால் 246 + 198 + 40 = 484, அதாவது 48.4 சதவீதம்.

‘ஆ’ குழுவிலும் 1,000 பேர், ஆனால் 800, 150, 50 என்ற பிரிவில். வேலையில் இருப்பவர்கள் 80, 62, 8 சதவீதம். 640 + 93 + 4 = 737, அதாவது 73.7 சதவீதம்.

ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ‘அ’தான் மேலே இருக்கிறது. மொத்தத்தில் ‘ஆ’ 25 புள்ளிகள் முந்துகிறது. இதைச் சரிசெய்ய இரண்டு குழுவுக்கும் பொதுவான ஒரு வயது அமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும். 500, 300, 200 என்று வைத்துக்கொண்டு அந்தந்தக் குழுவின் வயதுவாரி விகிதத்தால் பெருக்கினால் ‘அ’ 62.8, ‘ஆ’ 60.2 என்று வருகிறது. வரிசையே மாறிவிட்டது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வேலைவாய்ப்பு, நீண்டகால நோய், தனியாக வாழ்வோர், அரசு உதவி பெறுவோர் என எதையும் ஒப்பிட வேண்டாம். ஆண், பெண் இருவரையும் தனித்தனியாகச் செய்தால் இன்னும் நல்லது.

பிறந்த நாட்டையே சமூகம் என்று எண்ணுவது

பிரிட்டனில் ‘சைப்ரஸில் பிறந்தவர்’ என்ற வரியில் 2001இல் 75,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இவர்களில் எல்லோரும் சைப்ரஸ்காரர் இல்லை. அக்ரோத்திரி, தெக்கேலியா ஆகிய பிரிட்டிஷ் ராணுவத் தளங்கள் இன்றும் அந்தத் தீவில் இருக்கின்றன. அங்கே பணியில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகளும் இந்த வரியில் வந்து விழுவார்கள். இன்னொரு பக்கம், லண்டனில் பிறந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் இந்த வரியில் அறவே இல்லை. வட லண்டனின் கேம்டன் டவுனில் தொடங்கி, ஹேரிங்கேயின் கிரீன் லேன்ஸ் வழியாக வடக்கே பாமர்ஸ் கிரீன் வரை நகர்ந்த சமூகத்தின் பெரும்பகுதி அவர்கள்தான். பெற்றோர் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்று 1971 கணக்கெடுப்பு கேட்டது. 2021இல் அந்தக் கேள்வி இல்லை.

பிரேசில் பக்கத்துச் சிக்கல் பாஸ்போர்ட். இத்தாலிய, போர்த்துக்கீசிய வம்சாவளியைக் காட்டி ஐரோப்பியக் குடியுரிமை வாங்கிய பிரேசிலியர் ஏராளம். குடியுரிமை வாரியாக எண்ணினால் அவர்கள் இத்தாலியராகவும் போர்த்துக்கீசியராகவும் ஆகிவிடுவார்கள். பிறந்த நாட்டு வாரியாக எண்ணினால் பிரேசிலியராகத் திரும்பி வருவார்கள். ஒரே அட்டவணையில் ஒரு சமூகத்துக்குப் பிறந்த நாட்டையும் மற்றதற்குக் குடியுரிமையையும் கலந்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. அடிக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும். பிரேசிலின் தூதரகங்களும் வெளியுறவு அமைச்சகமும் தரும் பிரேசிலியர் எண்ணிக்கை கணக்கெடுப்பைவிடப் பெரிது. அது மதிப்பீடு. அதையும் எண்ணி எடுத்த தொகையையும் கழித்துப் பார்த்து, வித்தியாசமெல்லாம் ஆவணமற்றவர்கள் என்று எழுதக் கூடாது.

சைப்ரஸ்காரர் என்ற ஒரே பெயர்

கிரேக்க சைப்ரஸ்காரர், துருக்கிய சைப்ரஸ்காரர் என இரண்டு சமூகங்கள் ஒரு பெயருக்குள் இருக்கின்றன. 1960 சுதந்திரத்துக்கு முன்பே இரு தரப்பாரும் லண்டனுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். 1963 டிசம்பரில் இரண்டு சமூகங்களுக்கும் இடையே வெடித்த மோதலும், துருக்கி படையெடுத்த 1974 போரும் இரு தரப்பையும் வேறு வேறு விதமாகப் பெயர்த்தன. இலங்கையில் பிறந்தவர் என்ற ஒரே வரியில் தமிழரும் சிங்களவரும் அடங்கிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிரிக்க வழி உண்டு. 2011 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் முதன்மை மொழி என்ற கேள்வி இருக்கிறது. மொழியையும் பிறந்த நாட்டையும் குறுக்காக வைத்துப் பார்க்கலாம். மொழியை மட்டும் எடுத்தால் கெட்டது: ‘துருக்கிய மொழி பேசுவோர்’ என்று உள்ளாட்சிகள் எழுதும்போது, துருக்கியிலிருந்து வந்த துருக்கியரும் 1980களின் இறுதியிலிருந்து அகதிகளாக வந்த குர்துகளும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். அகதிக் குடும்பத்துப் பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணை லண்டனிலேயே பிறந்து வளர்ந்த துருக்கிய சைப்ரஸ்காரரின் மகள் தலையில் கட்டுவது இப்படித்தான் நடக்கிறது. ஆங்கிலமே தன் முதன்மை மொழி என்று எழுதிவிட்ட முதியவர்கள் இந்த முறையில் விடுபடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எந்தச் சட்டத்தில் வந்தார்கள் என்பதை விட்டுவிடுவது

சைப்ரஸ் 1878இல் பிரிட்டன் நிர்வாகத்துக்கு வந்து, 1925இல் முடியரசுக் குடியேற்ற நாடாயிற்று. 1948 குடியுரிமைச் சட்டப்படி அந்தத் தீவினர் பிரிட்டனுக்கு வந்து வாழவும் வேலை பார்க்கவும் உரிமை உள்ளவர்கள். 1962 காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் அந்தக் கதவைப் பெருமளவு சாத்தியது. அதற்கு முந்திய ஓரிரு ஆண்டுகளில் கூட்டம் அலைமோதியதும் அதனால்தான். சைப்ரஸ் 1961இல் காமன்வெல்த்தில் சேர்ந்ததால், பிரிட்டனில் குடியிருக்கும் சைப்ரஸ் குடிமக்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில் லண்டனிலிருந்த இத்தாலியரோ போர்த்துக்கீசியரோ வாக்களிக்க முடியவில்லை. சைப்ரஸ்காரரும் மால்டாக்காரரும் ஐரிஷ்காரரும் வாக்களித்தார்கள். ஆனால் எல்லா சைப்ரஸ்காரருக்கும் கதவு திறந்தே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1974க்குப் பின் உறவினரை நம்பி வந்தவர்களில் பலர் தற்காலிக அனுமதியில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

பிரேசிலியருக்கு அப்படி ஒரு பழைய உறவு கிடையாது. விசா இல்லாமல் ஆறு மாதம் வரை பார்வையாளராக வரலாம். முன்பெல்லாம் அப்படி வந்த பிறகு மொழிப் பள்ளியில் சேர்ந்து மாணவர் விசா எடுத்தார்கள். அது பிரிட்டனில் வேலை பார்க்கும் உரிமை தந்த 2020 இறுதி வரை, ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். சிலர் அனுமதி தீர்ந்தும் தங்கிவிடுவார்கள். 2005 ஜூலை 22 அன்று ஸ்டாக்வெல் நிலையத்தில் போலீசார் பயங்கரவாதி என்று தவறாக எண்ணிச் சுட்டுக் கொன்ற ஜான் சார்லஸ் தெ மெனெசெஸ், மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன்; வயது 27. அந்தக் கொலைக்குப் பிறகுதான் நகரத்தில் பலருக்கு இப்படி ஒரு சமூகம் இருப்பதே தெரிந்தது.

ஆகவே தரவைப் பிரிக்கும்போது வந்த ஆண்டு, வந்தபோது இருந்த அனுமதி, இன்றைய அனுமதி என மூன்று பத்திகள் தனியாக வேண்டும். ‘குடியேறி’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் மூடினால், சட்டம் தந்த சாதகம் கலாசாரத்தின் சாதனையாகக் கணக்கேறிவிடும்.

சுயதொழில் என்றால் எல்லாம் ஒன்றா?

இரண்டு சமூகங்களிலும் சுயதொழில் செய்வோர் நிறைய. படிவத்தில் இருவரும் இடுவது ஒரே டிக்.

1970களின் ஹேரிங்கேயில் தையல் ஆலை நடத்திய சைப்ரஸ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துணிக்கட்டு காலையில் வேனில் வீடுவீடாகப் போகும். முன்னறையில் மிஷின் போட்டிருக்கும் பெண் பாவாடைக்கு இடுப்புப் பட்டையோ சட்டைக்குக் காலரோ வைத்துத் தைப்பார். வேன் திரும்பி வந்து எண்ணி எடுத்துக்கொள்ளும். கூலி பீஸ் ரேட். உடைமையாளர் சுயதொழில் செய்பவர். அவருக்கு வேலை கொடுத்தவர் மத்திய லண்டனின் வெஸ்ட் எண்ட் மொத்த வியாபாரி. அவருக்குக் கீழே உறவுக்காரரும் ஊர்க்காரரும். அந்தப் பெண்ணோ பல கணக்குகளில் வெறும் இல்லத்தரசி. சைப்ரஸ் பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் குறைவு என்று பழைய அட்டவணை சொன்னால், முதலில் இந்த முன்னறையை நினைக்க வேண்டும்.

இன்றைய பிரேசிலிய மோட்டார்சைக்கிள் கூரியரும் சுயதொழில்தான். அவரிடம் வேலையாள் இல்லை, கடை இல்லை, விலை சொல்லும் அதிகாரம் இல்லை. பெட்ரோலும் காப்பீடும் அவர் செலவு. வேலை அனுமதி இல்லாதவர் இன்னொருவரின் செயலிக் கணக்கை வார வாடகைக்கு எடுத்து ஓட்டினால், வருமானம் கணக்குக்காரர் பெயரில் பதிவாகும். ஓட்டியவர் எந்தப் பத்தியிலும் இருக்க மாட்டார். எனவே சுயதொழில் என்ற பத்தியைக் குறைந்தது இப்படி உடைக்க வேண்டும்: சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர், தனியாகக் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர், ஒரே நிறுவனத்தை நம்பித் தன் உழைப்பை மட்டும் தருபவர்.

சம்பளத்தையும் ஆண்டுக் கணக்கில் ஒப்பிடாமல் மணிக்கணக்கில் ஒப்பிடுவது நல்லது. அலுவலகம் துப்புரவு செய்பவருக்கு விடியற்காலை 5 முதல் 8 வரை ஒரு கட்டடம், மாலை 6 முதல் 9 வரை இன்னொரு கட்டடம், நடுவில் ஒரு வீடு என்று மூன்று முதலாளிகள் இருக்கலாம். வாரம் 55 மணி நேரம் உழைத்து வரும் தொகை, கடையில் 35 மணி நேரம் நிற்பவரின் தொகைக்குச் சமமாகத் தெரியும். பிரதான வேலையைப் பற்றி மட்டும் கேட்கும் கருத்துக்கணிப்பில் மற்ற இரண்டு கட்டடங்களும் காணாமல் போகும்.

படிப்பும் வீடும்

2011 கணக்கெடுப்பில் வெளிநாட்டுத் தகுதி என்று மட்டும் டிக் செய்தவர் ‘மற்ற தகுதிகள்’ என்ற பெட்டியில் விழுந்தார். சாவோ பாவ்லோவில் பட்டம் வாங்கியவரும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் அங்கே சமம். முழுநேரப் படிப்பை எந்த வயதில் முடித்தார் என்ற கேள்வி இருக்கும் தரவை எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். அடுத்து, படிப்பையும் வேலையையும் தனித்தனி வரிசையாகப் போடாமல் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். பட்டதாரி துப்புரவு செய்கிறார் என்ற செய்தி இரண்டு தனி அட்டவணைகளில் தெரியவே தெரியாது.

சொந்த வீட்டைச் சைப்ரஸ்காரரின் சிக்கனத்துக்குச் சான்றாகக் காட்டுவது பழைய பழக்கம். சிக்கனம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வட லண்டன் வரிசை வீடுகள் 1960களில் கூலிக்காரக் குடும்பம் எட்டக்கூடிய விலையில் இருந்தன; உறவினருக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்ட முடிந்தது. 2005இல் வடமேற்கு லண்டனின் வில்ஸ்டனிலோ ஹார்ல்ஸ்டனிலோ வந்து இறங்கிய பிரேசிலியர் பார்த்த விலை வேறு. ஒப்பிட வேண்டுமானால் வந்து பத்தாண்டு கழித்த நிலையை எடுத்து, அந்தந்தக் காலத்தின் வீட்டு விலைக்கும் கூலிக்கும் உள்ள விகிதத்தோடு வைக்க வேண்டும். நெரிசலையும் கவனியுங்கள்: வரவேற்பறையையும் படுக்கையறையாக்கி வாடகைக்கு விட்ட பகிர்வீட்டில், படிவத்தை நிரப்புபவர் எல்லோர் பெயரையும் எழுதுவார் என்று நம்ப முடியாது.

யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம்

பட்டியல் இல்லாத சமூகத்தில் ஆய்வாளர்கள் அறிந்தவர் வழி அறிந்தவரைத் தேடிப் போகிறார்கள். பிரேசிலியரைத் தேவாலய வாசலில் பிடித்தால் தேவாலயம் போகாதவர் விடுபடுவார். சைப்ரஸ்காரரை முதியோர் சங்கத்தில் பிடித்தால் நகரை விட்டு வெளியே குடிபோன பேரப்பிள்ளைகள் விடுபடுவார்கள். ஐந்தாறு வேறுபட்ட இடங்களில் தொடங்கி, ஒருவர் வழியாக இரண்டு பேருக்கு மேல் எடுக்காமல் இருந்தால் சாய்வு குறையும். லிஸ்பன் போர்த்துக்கீசில் அச்சிட்ட படிவத்தைப் பிரேசிலியருக்கும், ஏதென்ஸ் கிரேக்கத்தில் எழுதியதைச் சைப்ரஸ் கிராமத்துப் பாட்டிக்கும் கொடுக்கும் முன் அவரவர் பேச்சு வழக்கில் ஒருமுறை வாசித்துக் காட்டிச் சோதிக்க வேண்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். சரியான குலுக்கல் முறையில் எடுத்த 100 பேரின் விடையிலேயே பிழை வரம்பு கூட்டவோ குறைக்கவோ 10 புள்ளி வரை போகும். 400 பேர் என்றால் 5. தலா 100 பேர் கொண்ட இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது அந்த வரம்பு 14 புள்ளி. அதற்குக் கீழே வரும் வித்தியாசத்துக்குக் காரணம் தேடி ஒரு பத்திகூட எழுத வேண்டியதில்லை.