லண்டன் பழைய வீட்டின் வயதைத் தெருவில் நின்றே கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வீட்டுக்கு முன்னால் நின்றதும் எல்லோருக்கும் கண் வாசற்கதவுக்குத்தான் போகும். கதவை விடுங்கள், அதை எப்போது யார் மாற்றினார்களோ! ஜன்னலைப் பாருங்கள்.

1666 பெருந்தீக்குப் பிறகு, சுவரைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஜன்னலின் மரச்சட்டம் மட்டும் சுவரின் வெளிமுகத்தை ஒட்டியே இருந்தது, தீ தொற்ற அது போதாதா? அதனால் 1709-ல் மரச்சட்டத்தை நாலு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லி இன்னொரு சட்டம் (இரண்டும் சட்டம்தான், குழம்ப வேண்டாம்). 1774-ல் இன்னும் கறார்: மேலும் கீழும் நகரும் ஜன்னலின் எடைக்கட்டிகள் தொங்குகிற மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைத்தார்கள். வெளியே தெரிவது மெல்லிய மரக்கோடு மட்டும்.

பழகிக்கொள்ள, 1704 வாக்கில் எழுந்த குயின் ஆன்ஸ் கேட் தெரு வீடுகளுக்கு முதலில் போங்கள். செங்கல்லோடு ஒட்டி, அகலமாக மரம் தெரியும். அப்புறம் 1775-ல் தொடங்கிய பெட்ஃபோர்டு சதுக்கம். வித்தியாசம் பளிச்சென்று புரியும். இதெல்லாம் லண்டன் சட்டம், மற்ற ஊர்களில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

ஒரு எச்சரிக்கை. மேல் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளில் குட்டிக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஜன்னல் விக்டோரியா ராணி காலத்தில் (1837–1901), அல்லது அதற்கும் பிறகு மாற்றியது. வீடு அதைவிட நூறு வயது மூத்ததாகவும் இருக்கலாம்.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் கண்டதும் ஜன்னல் வரிக்காக அடைத்தது என்று அளந்துவிடாதீர்கள். 1696 முதல் 1851 வரை, வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் போட்ட அந்த வரி இருந்தது உண்மைதான், ஆனால் முகப்பு சமச்சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே அடைத்துக் கட்டியவையும் நிறைய.

கதவை விடச் சொன்னேன், ஒரே ஒரு கதவு விலக்கு. கஃப் சதுக்கம் 17-ஆம் எண், சாமுவேல் ஜான்சன் அகராதி தொகுத்த வீடு. உள்ளே போய்க் கதவைத் திரும்பிப் பாருங்கள்: கனத்த சங்கிலி, அதற்குத் திருகாணி மாதிரி முறுக்கிய கொக்கி, கதவுக்கு மேலே உள்ள கண்ணாடித் திறப்பில் முள் வைத்த இரும்புக் கம்பி. திருடர்கள் அந்தத் திறப்பு வழியாகச் சின்னப் பையனை உள்ளே இறக்கிக் கதவைத் திறக்கவிடுவார்களாம், அதற்குத்தான் அந்த முள்.