ட்ரோன் வீடியோ வெட்டி வெட்டி வருகிறதா? இடது ஸ்டிக்கைக் கவனியுங்கள்

கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பல் ஒழுங்காக இருக்கும், காற்றும் இருக்காது. ஆனாலும் ட்ரோன் திரும்பும் இடத்தில் மட்டும் காட்சி வெடுக்கென்று இழுக்கும். புதியவர்களின் வீடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு திருப்பம்தான். கீழே உள்ளவை டிஜேஐ மினி, ஏர் வகைகளுக்கு, மோட் 2 ஸ்டிக் அமைப்பில். அதில் ட்ரோனை இடம் வலமாகத் திருப்புவது இடது ஸ்டிக்.

1. புரொபெல்லர்

விளிம்பை விரல் நகத்தால் வருடுங்கள். நகம் இடறினால் மாற்றிவிடுங்கள். அதிர்வில் ஜெல்லி மாதிரி நெளிந்த படத்தை எடிட்டிங்கில் மீட்பது கஷ்டம். மினியில் ஒரு மோட்டாருக்கு இரண்டு இறக்கைகள். ஒன்று போனாலும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

2. கேமரா

ஆட்டோ வேண்டாம். ஆட்டோவில் ட்ரோன் வானத்தின் பக்கம் திரும்பியதும் தரை இருண்டுபோகும். 4கே, 30 ஃபிரேம், ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 100, வெயிலில் ஒயிட் பேலன்ஸ் 5500. 25 ஃபிரேமில் எடுத்தால் 60 ஹெர்ட்ஸ் மொபைல் திரையில் லேசாகத் தட்டித் தட்டி ஓடும். யூடியூபுக்கு என்றால் 30தான் என் தேர்வு. இரவில் தெருவிளக்கு மினுக்கினால் மட்டும் ஷட்டரை 1/50 ஆக்குங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

பகலில் 1/60 வைத்தால் படம் வெளுத்துவிடும். அதற்குத்தான் லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர். எந்த எண் என்று குழம்ப வேண்டாம்: ஃபில்டர் இல்லாமல் வெளிச்சம் சரியாக விழும் ஷட்டரைப் பாருங்கள். 1/2000 என்றால் 2000ஐ 60ஆல் வகுங்கள், சுமார் 33. என்டி32 போதும்.

3. திருப்ப வேகம்

ட்ரோனை மெதுவாக ஓட்டும் சினி மோட் போட்டால் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். போதாது. செயலியின் கன்ட்ரோல் பகுதியில் கெயின், எக்ஸ்போ என்ற அமைப்பைத் திறவுங்கள். சினி மோடுக்கு மட்டும் மாற்றுங்கள். நார்மலைத் தொட வேண்டாம், அவசரத்துக்கு அது வேண்டும். யா (ட்ரோன் நின்ற இடத்தில் திரும்புவது) வேகத்தை நொடிக்கு 20 டிகிரி அளவுக்கு இறக்குங்கள், யா ஸ்மூத்னஸை ஏற்றுங்கள். கிம்பல் வேகத்தையும் குறைத்து, அதன் ஸ்மூத்னஸையும் கூட்டுங்கள். கேமராவைக் கீழே சாய்க்கும்போது வரும் குலுக்கல் அடங்கும். ஸ்மூத்னஸை உச்சத்துக்குக் கொண்டுபோனால் விரலை எடுத்த பிறகும் ட்ரோன் சற்று திரும்பிக்கொண்டே இருக்கும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள்.

4. பறத்தல்

ஸ்டிக்கைக் கட்டைவிரலால் தள்ளாமல், ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடியுங்கள். ரெக்கார்டை அழுத்தி ஐந்து நொடி சும்மா நில்லுங்கள். பிறகு ஒரே ஒரு அசைவு: முன்னே போவதோ, மேலே ஏறுவதோ. அது பழகிய பிறகே யாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மரம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு நொடியாவது ஆகட்டும். முடிக்கும்போது ஸ்டிக்கை விட்டுவிடாமல் மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டென்று விட்டால் ட்ரோன் பிரேக் பிடித்துச் சாயும், அந்தக் குலுக்கல் படத்தில் விழும். ஸ்போர்ட் மோடில் படமெடுக்காதீர்கள். மேல் ஓரத்தில் இறக்கை தெரியும்.

கிளம்புமுன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் உயரம் 400 அடி வரை. நல்ல காட்சி கிடைப்பதென்னவோ 100 அடிக்குள்தான்.

பின்சேர்க்கை: ஃபில்டர் மாட்டியதும் கிம்பல் ஓவர்லோட் என்று வந்தால், அது வேறு மாடலின் ஃபில்டராக இருக்கும். உங்கள் மாடலுக்கானதை வாங்கி, ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டுங்கள். பழைய மாடலில் எக்ஸ்போ பகுதி இல்லையென்றால், யாவைத் தொடாமல் பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். பல காட்சிகளுக்கு அதுவே மேல்.