முந்நூத்தி நாலில் ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வருமா? கணக்குப் போடும் முறை

விசேஷ வீட்டில் பந்தி முடிந்ததும் முந்நூத்தி நாலு (304) சீட்டாட்டத்துக்குப் பட்டாலையில் ஜமுக்காளம் விரிந்துவிடும். போன முறை காரைக்குடியில் அம்மான் கேட்டார்கள்: "முதல் நாலு சீட்டுலயே ஒரே இனத்து ஜாக்கியும் ஒன்பதும் எத்தனை தரத்துக்கு ஒருக்கா வரும்?" இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் 52 சீட்டுப் போக்கருக்கானவை. நமக்கு உதவாது.

முதலில் கட்டு. 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு, இனத்துக்கு எட்டு. புள்ளிகள்: ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. இனத்துக்கு 76, நாலுக்கும் 304.

அடுத்து, 32இல் நாலைத் தேர்ந்தெடுக்கும் வழிகள்: 35,960. சூத்திரம் பள்ளியில் படித்ததுதான். கூகுள் ஷீட்ஸில் 'காம்பின்' போதும். இதற்குப் போய்ப் பைத்தான் எல்லாம் வேண்டாம்.

ஒரு ஜாக்கியாவது வர? தலைகீழாக எண்ணுங்கள். ஜாக்கியே இல்லாத கைகள் 28இல் நாலு, அதாவது 20,475. மீதி 43 சதவீதம்.

இப்போது ஜோடி. ஸ்பேடு ஜாக்கியும் ஒன்பதும் கையில் இருந்தால் மற்ற இரண்டும் மீதி 30இலிருந்து: 435 வழி. நாலு இனத்துக்கு 1,740. இதோடு நிறுத்தினால் தப்பு. ஸ்பேடு ஜோடியும் டைமன் ஜோடியும் ஒன்றாக வந்த கை ஸ்பேடு கணக்கிலும் ஏறியிருக்கும், டைமன் கணக்கிலும் ஏறியிருக்கும். அப்படி இரட்டிப்பானவை 6. கழித்தால் 1,734, சுமார் 21 கைக்கு ஒன்று.

ஆறுதானே என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாலுக்குப் பிறகு இன்னும் நாலு வந்து கையில் நிறையும் எட்டுச் சீட்டுக்கும் இப்படியே போட்டால் 22.6 சதவீதம் என்று வரும், சரியான விடை 21.4. அங்கே இரண்டு ஜோடிக் கைகளைக் கழித்து, மூன்று ஜோடியைக் கூட்டி, நாலு ஜோடியை மறுபடி கழிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஜாக்கி மட்டும் வந்திருக்கிறது, ஒன்பதை நம்பி அந்த இனத்தைத் துருப்பாக (மற்ற இனங்களை வெட்டும் இனமாக) வைத்துக் கேட்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பார்க்காத சீட்டு 28. அதில் உங்களுக்கு வரவேண்டியது 4, கூட்டாளிக்கு 8. ஆக 28க்கு 12, அதாவது 43 சதவீதம். மற்ற மூன்றும் சொத்தையாக இருந்தால் நான் கேட்க மாட்டேன்.

ஆறு பேர் ஆடுகிறவர்களுக்கு: ஆறையும் சேர்த்து 36 சீட்டு. முதலில் மும்மூன்றாகப் போட்டால் மொத்தம் 7,140 கை. மூன்று சீட்டில் இரண்டு ஜோடி அடங்காது என்பதால் கழிக்கிற வேலையே இல்லை: 4 × 34 = 136, அதாவது 1.9 சதவீதம்.