மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கும் முன்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சேலத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் குச்சிக்கிழங்கு ஜவ்வரிசியைச் சிமென்ட் களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். மேலே ஏற்காட்டில் காபிக்கொட்டையும் அப்படித்தான் களத்தில் கிடக்கும். இரண்டு இடத்திலும் பயம் ஒன்றுதான்: ஆள் பார்க்காத நேரத்தில் விழும் தூறல்.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன், முதல் துளி விழுந்ததும் தகவல் சொல்லும் கருவி செய்ய ஆசைப்பட்டான். அப்பா வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலைக்கு ஒன்று, ஏற்காட்டில் சித்தி வீட்டுக் காபித் தோட்டத்துக்கு ஒன்று. என்னிடம் வரும்போதே கையில் இரண்டு இஎஸ்பி32 போர்டுகள் இருந்தன. சென்சாரைப் படித்து, நாம் எழுதிய புரோகிராம்படி வேலை செய்யும் சின்னக் கணினிச் சிப் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வகையில் அது ஒன்று. “இதுல வைஃபை, புளூடூத் எல்லாமே இருக்குண்ணா” என்றான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். வேலையை யோசிப்பதற்கு முன்பே போர்டை வாங்கிவிடுகிறோம். அது எங்கே உட்காரப்போகிறது, அங்கே கரண்ட் இருக்கிறதா, தகவல் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டால் பாதிப் போர்டுகள் தாமாகவே கழிந்துவிடும். ஆலையில் களத்தின் ஓரத்திலேயே பிளக் பாயின்ட் உண்டு, ஆபீஸ் வைஃபையும் எட்டும். அங்கே இஎஸ்பி32 சரியான தேர்வு. தோட்டத்தில் களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சரிவும் சில்வர் ஓக் மரங்களும் இருக்கின்றன. கரண்டும் இல்லை, வைஃபையும் எட்டாது. ஒரே வேலைதான், ஆனால் ஒரே போர்டு இரண்டுக்கும் ஆகாது.

சரி, ஆலைக் கருவியை முதலில் எடுத்தோம். இரண்டு நாள் கழித்து வந்து விநோதமான ஒன்றைச் சொன்னான்: “சென்சார் காஞ்சு கெடந்தா போர்டு ஸ்டார்ட்டே ஆவலண்ணா. தண்ணி தெளிச்சுட்டு ரீசெட் பண்ணா ஆவுது.” மழைச் சென்சாரை 12ஆம் பின்னில், அதாவது போர்டின் ஓரத்தில் கம்பி மாட்டும் முனைகளில் ஒன்றில், கொடுத்திருந்தான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இஎஸ்பி32 போர்டுகளில் அந்தப் பின்னுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. போர்டு எழும் நொடியில் அந்தப் பின் ஹையாக (வோல்ட் உள்ள நிலையில்) இருந்தால், உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போகும். நினைவகத்தைப் படிக்க முடியாமல் போர்டு நின்றுவிடும். மழைச் சென்சார் காய்ந்திருக்கும்போது ஹை, நனைந்தால் லோ. அவன் சொன்னது அப்படியே பொருந்தியது. புரோகிராம் கோடில் தவறு இருக்கும் என்று இரண்டு ராத்திரி தேடியிருக்கிறான், பாவம்.

பின்களை எண்ணி மட்டும் வாங்குவதால் வரும் சிக்கல் இது. இஎஸ்பி32இல் 30க்கும் மேல் பின்கள் தெரியும். ஆனால் 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குப் போய்விட்டன. 34, 35, 36, 39 நான்கும் உள்ளே வாங்க மட்டும்தான், அவற்றால் எல்இடி எரியவைக்க முடியாது. 0, 2, 12, 15 போர்டு எழும் நேரத்தில் கவனம் கேட்பவை. அப்புறம், ஏறி இறங்கும் வோல்ட்டை அளக்கும் அனலாக் பின்களில் ஒரு பகுதி வைஃபை ஓடும்போது அளவு காட்டாது. 32 முதல் 39 வரையுள்ளவற்றை நம்பலாம். இஎஸ்பி32க்கு முந்தைய இஎஸ்பி8266இல் அனலாக் பின் ஒன்றே ஒன்றுதான். ஆகவே உங்கள் சென்சார்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பின் என்று குறித்த பிறகு போர்டைத் தேர்ந்தெடுங்கள்.

வோல்ட் பொருத்தம் பார்க்காதது அடுத்த தவறு. இதில் போர்டே செத்துப்போகும் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆர்டுயினோ ஊனோ ஆர்3, நானோ இரண்டும் 5 வோல்ட் போர்டுகள். இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ இரண்டின் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. போர்டில் 5 வோல்ட் என்று எழுதிய பின் இருப்பதைப் பார்த்து மற்ற பின்களும் 5 வோல்ட் தாங்கும் என்று நினைத்துவிடக்கூடாது. தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்க்க நாம் வாங்கும் எச்.சி-எஸ்ஆர்04 என்ற ஒலியலைச் சென்சார் தன் எக்கோ பின்னில் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போட்டுப் பிரித்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். வீட்டில் இருக்கும் சென்சார், டிஸ்பிளே எல்லாம் 5 வோல்ட் என்றால் பழைய ஊனோவே நிம்மதி.

ஆனால் ஊனோவில் நினைவகத்தைப் பார்க்கவேண்டும். அதன் ஏடிமெகா328பி சிப்பில் ரேம் 2 கிலோபைட்தான். 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரை ஒன்றைச் சேர்த்தால், படத்தை முழுதாக ரேமில் வைத்துக்கொள்ளும் லைப்ரரிகள் அதில் 1 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். மீதியில் சென்சாரும் எஸ்டி கார்டும் நெருக்கியடிக்கும். பிக்கோவில் 264 கிலோபைட், இஎஸ்பி32இல் 520 கிலோபைட். திரையும் கார்டும் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போங்கள். சிப்பின் வேகத்தைச் சொல்லும் மெகாஹெர்ட்ஸ் கணக்கைப் பற்றி இந்த மாதிரி வேலைகளில் கவலையே வேண்டாம், மழைத்துளியைக் கவனிக்க 16 மெகாஹெர்ட்ஸ் தாராளம்.

இப்போது மலைக்கு வருவோம். பேட்டரியில் ஓடவேண்டிய இடத்தில் நாம் சிப்பின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை) படித்து ஏமாறுகிறோம். இஎஸ்பி32, வேலை இல்லாத நேரத்தில் பெரும்பகுதி அணைந்திருக்கும் ஆழ்ந்த உறக்கத்தில், 10 மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் எடுக்கும் என்பது உண்மை. அது சிப்புக்கு மட்டும். போர்டில் உள்ள, வோல்ட்டைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப், பவர் எல்இடி மூன்றும் உறங்காது. எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும், 2500 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் செல் பத்து நாளில் தீரும். பல போர்டுகளில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டருக்கு வெளியே தருவதைவிட ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக உள்ளே வரவேண்டும். 3.7 வோல்ட் செல் அதற்குப் போதாது. வைஃபை கரண்டை இழுக்கும் நொடியில் போர்டு ரீசெட் ஆகும்.

தோட்டத்துக்கு ஆர்டுயினோ ப்ரோ மினி வகைப் போர்டு வாங்கினோம், 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ். பவர் எல்இடியைப் பற்றவைப்புக் கோலால் கழற்றிவிட்டு, ரெகுலேட்டர் வழியாகப் போகாமல் நேரே மின்சாரம் கொடுத்தால் உறக்கத்தில் சிப் சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். அதில் யுஎஸ்பி இல்லை, கோடு ஏற்றத் தனி அடாப்டர் வேண்டும். அதையும் சேர்த்து வாங்குங்கள். தகவலுக்கு, வைஃபை இல்லாமலே தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் லோரா ரேடியோ மாட்யூல் ஒரு ஜோடி. இங்கேயும் கடையில் இருப்பதை எடுத்துவிடக்கூடாது. இந்தியாவில் லோராவுக்கு உரிமம் தேவைப்படாத அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. 868 என்று விற்கும் மாட்யூலைக் கோடில் அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளலாம். 915 வேண்டாம். ஆன்டெனாவை மாட்டாமல் லோராவை அனுப்பவிடாதீர்கள், சிப் கெடலாம்.

மழைச் சென்சாரின் தகட்டுக்கு எந்நேரமும் கரண்ட் கொடுத்து வைத்தால், ஏற்காட்டுப் பனியில் அதன் செம்புக்கோடுகள் சீக்கிரம் அரித்துவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பின்னிலிருந்து கரண்ட் கொடுத்து, படித்துவிட்டு நிறுத்துகிறோம். பேட்டரிக்கும் நல்லது.

கடைக்குப் போகும்போது ஒன்றிரண்டு. விலை மலிந்த நானோக்களில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும், சில கணினிகளில் அதற்கு டிரைவர் போடவேண்டும். அது போலி என்று தூக்கிப்போடாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் போர்டு கணினிக்குத் தெரியவே தெரியாது, டேட்டா கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை வேறு, பிக்கோ வேறு. முன்னது லினக்ஸ் ஓடும் கணினி. பிக்கோவிலும் 2021இல் வந்த முதல் போர்டில் வைஃபை கிடையாது, அது வேண்டுமென்றால் டபிள்யூ என்று முடிவதைக் கேளுங்கள். பின் கம்பிகளைப் பற்றவைத்த போர்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பற்றவைப்புக் கோல் இல்லாதவர்களுக்கு, பின் கம்பி தனியாகக் கிடக்கும் போர்டு எதற்கும் உதவாது.