பிஎச்பி: ஒரு ஸ்கிரிப்டிலிருந்து இன்னொன்றுக்குப் பைப் போடுவது எப்படி?

டெர்மினலில் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு நெட்டுக்கோடு போட்டால், முதலாவதின் வெளியீடு இரண்டாவதற்குள் போய்விடும். இந்த இணைப்புதான் பைப். அதையே ஒரு பிஎச்பி ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து செய்ய ‘ப்ராக் ஓப்பன்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ‘பிஓப்பன்’ என்று எளிமையான ஒன்றும் உண்டு, ஆனால் அது ஒருவழிப் பாதை. நமக்கு அனுப்பவும் வேண்டும், பதில் வாங்கவும் வேண்டும். (இங்கே இரண்டு மூன்று சொல்லாக எழுதும் ஃபங்ஷன், மாறிலிப் பெயர்களை நிரலில் அடிக்கோட்டால் இணையுங்கள்.)

அழைக்கும் ஸ்கிரிப்டைத் தாய் என்றும், அது ஓட்டும் ஸ்கிரிப்டைப் பிள்ளை என்றும் சொல்வோம். முதலில் பிள்ளை ஸ்கிரிப்ட். ‘கூட்டு’ என்று ஒரு ஃபைல் திறந்து, ஒரு வைல் லூப் எழுதுங்கள். ‘எஃப்கெட்ஸ்’ மூலம் எஸ்டிடிஇன்னிலிருந்து (ஸ்கிரிப்டுக்கு உள்ளீடு வரும் வழி) ஒவ்வொரு வரியாகப் படித்து, எண்ணைக் கூட்டிக்கொண்டே வரட்டும். ஃபால்ஸ் வந்தால் லூப் முடியும், மொத்தத்தை எக்கோ செய்யட்டும்.

தாய் ஸ்கிரிப்டுக்குப் போகுமுன் இதைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். 10, 20, 30 என்று வரிக்கு ஒன்றாகத் தட்டுங்கள். ஒன்றும் நடக்காது. லினக்ஸிலோ மேக்கிலோ கன்ட்ரோலுடன் டி அழுத்தினால்தான் 60 வரும். ‘இனி தரவு கிடையாது’ என்று நீங்கள் சொல்லும்வரை அது காத்திருக்கிறது. இதை மனதில் வையுங்கள்.

இப்போது தாய் ஸ்கிரிப்ட். ஓர் அரே வேண்டும்: 0 என்ற எண்ணுக்கு ‘பைப்’, ‘ஆர்’, 1 என்ற எண்ணுக்கு ‘பைப்’, ‘டபிள்யூ’. 0 உள்ளீடு, 1 வெளியீடு. நாம் எழுதப்போகும் பைப்புக்கு ஏன் படிப்பதற்கான ‘ஆர்’? ஏனென்றால் இந்த எழுத்துகள் பிள்ளையின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகின்றன: அது படிக்கிறது, நாம் எழுதுகிறோம்.

அடுத்து ப்ராக் ஓப்பனை அழையுங்கள். கட்டளையை ஒரே சரமாகக் கொடுக்காமல், ‘பிஎச்பி பைனரி’ என்ற மாறிலி (பிஎச்பி நிரலின் பாதை), பிள்ளை ஃபைலின் முழுப் பாதை என்று அரேயாகக் கொடுங்கள். 7.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. லினக்ஸில் ஷெல் (கட்டளைகளைப் புரிந்து ஓட்டும் நிரல்) குறுக்கே வராது. ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தாலும் தொல்லையில்லை. இரண்டாவதாக மேலே சொன்ன அரே, மூன்றாவதாக ‘பைப்ஸ்’ என்ற ஒரு மாறி.

அப்புறம் வரிசை முக்கியம். பைப்ஸின் 0-இல் ‘எஃப்ரைட்’ மூலம் எண்களை எழுதுங்கள். புதுவரிக் குறியீடு இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். ஒற்றை மேற்கோளில் அது வெறும் எழுத்தாகவே போய்விடும். எழுதி முடித்ததும் அதே பைப்பை ‘எஃப்குளோஸ்’ செய்யுங்கள். நீங்கள் அழுத்திய கன்ட்ரோல் டி-யின் வேலையை இங்கே செய்வது இந்த வரிதான். ஒருமுறை இதை விட்டுவிட்டு, தவறு கூட்டல் லூப்பில்தான் என்று நம்பி ஒரு மாலை முழுவதும் தேடினேன். பிழைச்செய்தி எதுவும் வராது, இரண்டு ஸ்கிரிப்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்.

மூடிய பிறகு ‘ஸ்ட்ரீம் கெட் கன்டென்ட்ஸ்’ மூலம் பைப்ஸின் 1-ஐப் படித்து, அதையும் மூடி, கடைசியில் ‘ப்ராக் குளோஸ்’. அது பிள்ளை முடியும்வரை காத்திருந்து அதன் வெளியேறும் எண்ணைத் தரும். 0 என்றால் நலம்.

பெரிய தரவு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பைப் ஒரு சின்னத் தொட்டி. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட்தான் பிடிக்கும். நம் கூட்டல் ஸ்கிரிப்ட் கடைசியில் மட்டும் பேசுவதால் பிழைத்துக்கொள்கிறது. வரிக்கு வரி பதில் எழுதும் பிள்ளையாக இருந்தால், நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் வெளியீட்டுத் தொட்டி நிரம்பும். அது எழுத முடியாமல் நிற்கும், படிப்பதையும் நிறுத்தும். உங்கள் பக்கத் தொட்டியும் நிரம்பி நீங்களும் நிற்பீர்கள்.

‘ஸ்ட்ரீம் செலக்ட்’ வைத்து இரண்டு பக்கத்தையும் மாறிமாறிக் கவனிக்கலாம். தொடக்கத்தில் அது வேண்டாம் என்பேன். ‘டிஎம்பிஃபைல்’ மூலம் ஒரு தற்காலிக ஃபைலைத் திறந்து, 1 என்ற எண்ணுக்குப் பைப்புக்குப் பதில் அதைக் கொடுங்கள். ஃபைலுக்குத் தொட்டி அளவு கிடையாது. எழுதி, மூடி, ப்ராக் குளோஸ் முடிந்த பிறகு ‘ரீவைண்ட்’ செய்து நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.