ஆல்ப்ஸில் முதல்முறை நடக்கப் போகிறவர்களுக்கு: ஐகர் மலையடியில் மூன்று பாதைகள்

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் நிறையப் பேர் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் வரை ஏறிவிட்டு வருகிறார்கள். 1912-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு அதே ரயிலில் இறங்கிவிடுவார்கள். ஆனால் நடக்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அதற்குக் கீழே, 1,600 மீட்டருக்கும் 2,700 மீட்டருக்கும் நடுவில் இருக்கிறது. புல்வெளிகள், கழுத்தில் மணி கட்டிய மாடுகள், சின்னச் சின்ன ஏரிகள், தலைக்கு மேலே ஐகரின் வடக்குச் சுவர் என்று எல்லாமே அங்கேதான்.

அங்கே நடக்க மலையேற்றப் பயிற்சி வேண்டாம், கயிறும் வேண்டாம். பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து நடக்கத் தெரிய வேண்டும். சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களும் சரி, சுற்றுலாவாக வருகிறவர்களும் சரி, மூன்று நாள் ஒதுக்கினால் கீழே சொல்லும் மூன்று பாதைகளையும் நடந்துவிடலாம்.

1. எப்போது போவது, எங்கே தங்குவது

ஜூலை முதல் செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். ஜூனில் கீழே கிராமத்தில் வெயில் அடிக்கும். மேலே வெயில் படாத சரிவுகளில் பழைய பனி பாதையை மூடிக் கிடக்கும். காலையில் அது கல்லுபோல இறுகியிருக்கும், கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். கூட்டம் குறைவு, பிற்பகல் இடிமழையும் குறைவு.

தங்குவதற்கு ஐகர் அடியில் இருக்கும் கிரின்டல்வால்ட் கிராமம் வசதி. சூரிச்சிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை இரண்டு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டாவது ரயிலில் ஒரு விஷயம் கவனியுங்கள். நடுவழியில் அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரின்டல்வால்டுக்கும் மறுபாதி லாட்டர்ப்ரூனனுக்கும் போகும். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

ரோப் கார் கட்டணம் கையைக் கடிக்கும். ஹாஃப் ஃபேர் கார்டு எடுத்தால் பெரும்பாலான ரயில்களிலும் ரோப் கார்களிலும் பாதிக் கட்டணம்தான். சில நாள் தங்கினாலே அட்டைக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

2. மஞ்சள் பலகையைப் படிப்பது

இதற்கு மட்டும் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டருக்கும் மேல் நடைபாதைகள் இருக்கின்றன. நாடு முழுக்க ஒரே மாதிரிப் பலகைதான். 1930-களில் மலைச்சாலைகளில் கார்கள் பெருகி, நடக்கிறவர்களுக்கு இடமில்லாமல் போனபோது இந்த ஏற்பாடு தொடங்கியது. 1979-இல் மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணும் பொறுப்பை அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். ஒரு நாடு தன் ஒற்றையடிப் பாதைகளை இவ்வளவு மதிப்பதை நினைத்தாலே எனக்குப் பெரிய மரியாதை வரும்.

ஒரு கம்பத்தின் முன்னால் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். மேலே வெள்ளைத் தகடு. அதில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் இருக்கும். அதை ஒட்டி, அம்பு வடிவத்தில் மஞ்சள் பலகைகள். ஒவ்வொன்றிலும் போகும் ஊர்களின் பெயர், பக்கத்தில் நேரம். கிலோமீட்டர் போட்டிருக்காது. அது சரிதான், ஏனென்றால் மலையில் தூரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு கிலோமீட்டர் சமவெளி அரை மணியில் முடியும். அதே இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் இரண்டு மணி நேரம் பிடிக்கலாம்.

இப்போது பலகையின் கூர் முனையைப் பாருங்கள். முழுக்க மஞ்சளாக இருந்தால் சாதாரண நடைபாதை, யாரும் நடக்கலாம். முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை இருந்தால் மலைப்பாதை. குறுகலாக, செங்குத்தாக இருக்கும். சில இடங்களில் பக்கவாட்டில் பள்ளம் தெரியும். கால் உறுதியாக இருக்க வேண்டும், உயரத்தைப் பார்த்துத் தலை சுற்றக் கூடாது. நீலப் பலகையில் வெள்ளை, நீலம், வெள்ளைப் பட்டை இருந்தால் அது ஆல்பைன் பாதை. பனியாற்றையும் பாறையையும் கடக்க வேண்டியிருக்கும். அது பழகியவர்களுக்கு மட்டும். இந்தப் பயணத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இதே நிறங்களை வழியில் பாறைகளிலும் மரங்களிலும் பூசியிருப்பார்கள். பத்து நிமிடமாக ஒரு குறியும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போங்கள்.

பலகை சொல்லும் நேரம் நிற்காமல் நடக்கிறவருக்கானது. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கு, ஓய்வு சேர்க்காதது. புதிதாக நடக்கிறவர்கள் அதை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான சரியான மடங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளலாம்.

3. காலில் என்ன, பையில் என்ன

கணுக்காலைப் பிடித்து நிற்கும், அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ. புதிதாக வாங்கினால் ஊரிலேயே சில வாரம் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பருத்திச் சட்டையும் அப்படித்தான். வியர்வையில் ஊறி, காற்றடிக்கும்போது உடம்பைக் குளிரவைக்கும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அதனால் கீழே 22 டிகிரி இருந்தால் மேலே 14, 15 என்று வையுங்கள். காற்று வேறு சேரும். மெல்லிய ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தொப்பி, சன்ஸ்கிரீன், ஒன்றரை லிட்டர் தண்ணீர், சாப்பிட ஏதாவது, பவர் பேங்க். போதும்.

கிராமத் தொட்டிகளில் விழும் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

4. காலையில் பார்க்க வேண்டியவை

மீட்டியோசுவிஸ் ஆப்பில் வானிலை, மலை உச்சி வெப்கேமராக்களில் மேகம், ரோப் கார் நிறுவனத்தின் பக்கத்தில் பாதை திறந்திருக்கிறதா என்ற தகவல். இந்த மூன்றையும் காபி குடிக்கும்போதே பார்த்துவிடலாம். சுவிஸ்டோபோ ஆப்பில் அன்றைய பகுதியின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

கோடையில் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி, இரண்டு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். அப்புறம், இறங்க வேண்டிய ரோப் கார் நிலையத்தில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் படம் எடுத்து வையுங்கள். 'லெட்ஸ்டெ டால்ஃபார்ட்' என்று போட்டிருக்கும். அதை விட்டால் ஆயிரம் மீட்டர் இருட்டில் இறங்க வேண்டியதுதான்.

5. முதல் நாள்: மென்லிஷனிலிருந்து கிளைனெ ஷைடெக்

கிரின்டல்வால்ட் டெர்மினலிலிருந்து ரோப் காரில் மென்லிஷன். அங்கிருந்து 2,061 மீட்டரில் இருக்கும் கிளைனெ ஷைடெக் வரை, சுமார் நாலரை கிலோமீட்டர். அகலமான பாதை, மெதுவான இறக்கம். பலகைக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். குழந்தைகளும் பெரியவர்களும் தாராளமாக நடக்கிறார்கள்.

மென்லிஷனில் இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். மேற்கு விளிம்புக்குப் போய்க் கீழே பாருங்கள். லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கு நேர் கீழே கிடக்கும், இருபுறமும் பாறைச் சுவர்கள். பிறகு பாதைக்கு வாருங்கள். இடப்பக்கம் கிரின்டல்வால்ட் வீடுகள், வலப்பக்கம் ஷுக்கன் பாறை. நேர் எதிரே 3,967 மீட்டர் ஐகர். ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பி, கடைசியில் வடக்குச் சுவர் முழுதாகத் தெரியும். அதன் வலப்பக்கம் மோன்க், அப்புறம் 4,158 மீட்டர் யுங்ஃப்ராவ்.

கிளம்பும்போதும் சேரும்போதும் மணி குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நேரத்தைக் கழித்துப் பார்த்து, இரண்டு மணி ஆகியிருந்தால் உங்கள் மடங்கு ஒன்றேகாலும் கொஞ்சமும். இந்த எண்ணைத்தான் அடுத்த எல்லா நாளும் பயன்படுத்தப் போகிறீர்கள்.

வழியில் எதிரே வருகிறவர்கள் 'க்ரூஸெக்' என்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். மாடுகள் பாதையிலேயே நிற்கும். கன்றுடன் இருக்கும் பசுவிடமிருந்து நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள், கன்றைத் தொடாதீர்கள். திறந்த வேலிக் கதவை மறக்காமல் மூடுங்கள்.

6. இரண்டாம் நாள்: பாக்கால்ப்ஸே ஏரி

கிரின்டல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் என்ற மேல் நிலையம் வரை ரோப் கார். அங்கிருந்து ஏரிக்கு 3 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முதல் வண்டியிலேயே போங்கள். காற்று எழும்புவதற்கு முன்பு தண்ணீர் அசையாமல் இருக்கும். 4,078 மீட்டர் ஷ்ரெக்ஹார்ன் அதில் தலைகீழாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் கூட்டமும் வரும், காற்றும் வரும்.

கால் நன்றாக இருந்தால், வானமும் தெளிவாக இருந்தால், ஏரியிலிருந்து ஃபவுல்ஹார்ன் உச்சிக்கு ஏறலாம். 2,681 மீட்டர். ஏரியிலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேல் ஏற்றம். இங்கிருந்து சிவப்புப் பட்டைப் பாதை. உச்சியை ஒட்டி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய விடுதி இருக்கிறது. பாதி வழியில் மேகம் இறங்கினால் திரும்பிவிடுங்கள். மின்னல் நேரத்தில் முகட்டிலும், தனி மரத்தடியிலும், இரும்புக் கம்பிகளின் பக்கத்திலும் நிற்கக் கூடாது.

7. மூன்றாம் நாள்: ஐகர் ட்ரெய்ல்

இது சிவப்புப் பட்டைப் பாதை. முதல் இரண்டு நாளும் முழங்கால் ஒத்துழைத்திருந்தால் மட்டும் போங்கள். டெர்மினலிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காரில் கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையம், 2,320 மீட்டர். அங்கிருந்து 1,615 மீட்டர் உயரத்தில் உள்ள அல்பிக்லென் வரை இறக்கம், 6 கிலோமீட்டர். பலகை சொல்வது இரண்டு மணி நேரம் போல; உங்கள் மடங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் மூச்சு வாங்காது, முழங்கால்தான் வாங்கும். நடைக்கோல் இரண்டு இருந்தால் கொஞ்சம் பாரத்தைக் கை எடுத்துக்கொள்ளும்.

பாதை வடக்குச் சுவரின் அடியிலேயே போகிறது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் தொடங்கும் பாறை, ஏறக்குறைய 1,800 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. பல உயிர்களை வாங்கிய பிறகு, 1938 ஜூலையில் ஹெக்மையர், ஃபோர்க், ஹாரர், காஸ்பாரெக் என்ற நால்வர் முதன்முதலில் இதன் வழியாக உச்சியைத் தொட்டார்கள். அண்ணாந்து பார்க்கவேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். மேலிருந்து அவ்வப்போது சிறு கற்கள் உருளும், அதனால் சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

அவசரம் என்றால் 112. சுவிஸ் ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பான ரேகாவுக்கு 1414. போன் வேலை செய்யாவிட்டால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு முறை. இது ஆல்ப்ஸ் முழுக்கத் தெரிந்த உதவிக் குறி. ஹெலிகாப்டர் மீட்புச் செலவு பெரிது. பயணக் காப்பீட்டில் அது அடங்கியிருக்கிறதா என்று ஊரிலேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.

8. அடுத்தது

இன்னொரு முறை வந்தால் ஷீனிகெ பிளாட்டெயிலிருந்து ஃபவுல்ஹார்ன் வழியாக ஃபிர்ஸ்ட் வரை நடக்கலாம். சுமார் 16 கிலோமீட்டர், பலகைக் கணக்கில் ஆறு மணி நேரம், பெரும்பாலும் முகட்டை ஒட்டிய பாதை, ஒருபுறம் ப்ரியன்ஸ் ஏரி. உங்கள் மடங்கு ஒன்றரை என்றால் அது ஒன்பது மணி நேரம். ஃபிர்ஸ்டில் கடைசி ரோப் காரைப் பிடிக்க முடியாது. அப்படியானால் ஃபவுல்ஹார்ன் விடுதியில் இரவு தங்கி, இரண்டு நாளாகப் பிரித்து நடங்கள்.