மார்க், பிராங்கு, லிரா: பழைய ஐரோப்பிய நாணயக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூரோவுக்கு முந்தைய கடன் பத்திரங்களையும் பாகப்பிரிவினைக் கோப்புகளையும் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், அந்நாளில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். சுழியம் விடுபடுவது போன்ற பிழைகள் மறுபார்வையில் அகப்பட்டுவிடும் என்பதால், பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தலைகீழ் விகிதமும் குறுக்கு விகிதமும்

1998 டிசம்பர் 31 அன்று மாற்றமின்றி நிலைநிறுத்தப்பட்ட விகிதங்கள் அனைத்தும் ஒரு யூரோவுக்கு இவ்வளவு என்ற திசையில் மட்டுமே தரப்பட்டுள்ளன: 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்கு, 1936.27 இத்தாலிய லிரா. இவற்றில் ஓர் இலக்கத்தையும் குறைக்கக் கூடாது. ஒரு லிராவுக்கு இத்தனை யூரோ என்பது போன்ற தலைகீழ் விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு தேசிய நாணயத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது முதலில் யூரோவாக்கி, அத்தொகையை மூன்று தசம இடங்களுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, பிறகே அடுத்த நாணயத்தின் விகிதத்தால் பெருக்க வேண்டும். வேறு வழியில் செய்தால் அதே விடை வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1103/97 எண்ணுள்ள ஒழுங்குவிதி இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், வகுப்பதற்குச் சோம்பிப் பெருக்குவதற்கு ஓர் எண்ணைத் தேடுகிறவர்கள் குறையவே இல்லை.

அண்மையில் ஒரு சொத்துக் கோப்பில் 50 கோடி லிரா என்ற தொகைக்கு எதிரே 2,58,000 யூரோ என்று இருந்தது. அவ்வளவு உருண்டையான எண்ணைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எக்செல் தாளில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தால், 1936.27ஆல் வகுப்பதற்குப் பதிலாக 0.000516 என்ற எண்ணால் பெருக்கியிருந்தார்கள். ஆறு தசம இடங்கள் இருப்பதால் துல்லியம் போதும் என்பது தயாரித்த இளைஞரின் வாதம். அவற்றில் முதல் மூன்றும் வெறும் சுழியங்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. சரியான தொகை 2,58,228.45 யூரோ. 228.45 யூரோ குறைந்ததோடு, அதே கட்டத்தை நம்பியிருந்த மற்ற வரிகள் அனைத்தையும் மீண்டும் போட வேண்டியதாயிற்று. இன்றும் அந்த 0.000516ஐ எங்கே கண்டாலும் எரிச்சல் வருகிறது.

யூரோவைத் தொடாமல் இரு தேசிய நாணயங்களை நேரடியாக இணைக்கும் குறுக்கு விகிதமும் இதே இனம்தான். ஒரு மார்க்குக்கு 3.3539 பிராங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் மார்க் 3,35,390 பிராங்காகிறது. யூரோ வழியாகப் போனால் 51,129.188 யூரோ, அதிலிருந்து 3,35,385.49 பிராங்கு. நடுவில் இரண்டே தசம இடங்களோடு நிறுத்துகிறவர்கள் 10 மார்க்கை 5.11 யூரோவாக்கி 9,894 லிரா என்கிறார்கள். 5.113 என்று வைத்திருந்தால் 9,900 லிரா வந்திருக்கும். ஒரு சென்ட்டுக்குப் பத்தொன்பது லிராவுக்கு மேல் அடங்கும்போது மூன்றாம் தசமத்தை விட்டுவிட முடியாது.

1999க்கு முந்தைய தொகைக்கு நிலைவிகிதம்

நிலைவிகிதங்களின்படி ஒரு மார்க் ஏறத்தாழ 990 லிரா. ஆனால் 1992 தொடக்கத்தில் அது சுமார் 750 லிராவாகத்தான் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நாணய மதிப்புகளை ஒரு வரம்புக்குள் வைத்திருந்த ஐரோப்பிய செலாவணி ஒழுங்கமைப்பிலிருந்து லிரா விலகிய பிறகே வேகமாகச் சரிந்தது. ஆகவே 1991ஆம் ஆண்டின் ஜெர்மன் விலைப்பட்டியல் அன்றைய லிராவில் எவ்வளவு என்று கேட்டால், அன்றைய சந்தை விகிதத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பழைய பிராங்கு

1960க்கு முந்தைய பிரெஞ்சு ஆவணமானால் முதலில் நூறால் வகுத்துப் புதிய பிராங்காக்கவும்.

புள்ளியும் காற்புள்ளியும்

ஜெர்மானிய, இத்தாலிய ஆவணங்களில் 1.936,27 என்றிருப்பது 1936.27தான்.

பெல்ஜியமும் லக்சம்பர்கும்

இரண்டு நாட்டுப் பிராங்குக்கும் ஒரு யூரோவுக்கு 40.3399. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக் கணக்கே வேண்டாம்.

டென்மார்க் குரோனர்

ஒரு யூரோவுக்கு 7.46038 என்பது அதன் மைய விகிதம். அதைச் சுற்றி 2.25 விழுக்காடு வரை ஏறி இறங்க இடமுண்டு. நடைமுறையில் அது பெரிதாக அசைவதில்லை என்பதாலேயே பலர் இதையும் நிலைவிகிதப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அன்றைய விகிதத்தைப் பார்த்து, எந்தத் தேதிக்குரியது என்பதையும் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும்.